.22 ரைபிளுக்கு ஸ்கோப்: ஒவ்வொரு கிராமும் எங்கேர்ந்து வருதுன்னு பாத்து வாங்குங்க

ஸ்கோப், அதாவது ரைபிள் மேல மாட்டி குறி பாக்கற தொலைநோக்கி, வாங்கப் போறவங்க மொதல்ல கேக்கறது எத்தனை எக்ஸ், எத்தனை மடங்கு பெருசாக்கும்னு தான், அடுத்து முன்னாடி கண்ணாடி எவ்ளோ பெருசுன்னு, அப்பறம் உள்ள லைட் எரியுமான்னு. எடை எவ்ளோன்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. ஆனா .22 ரைபிளுக்கோ அந்த சைஸ் ஏர் ரைபிளுக்கோ பாக்கறீங்கன்னா அந்தக் கடைசி கேள்வியைத் தான் நான் மொதல்ல கேக்கச் சொல்லுவேன், ஏன்னா ஸ்கோப்போட எடைங்கறது தனி விஷயம் கிடையாது, உள்ள என்னென்ன வெச்சு அடைச்சிருக்காங்களோ அத்தனைக்கும் சேத்து வர்ற பில்லு அது. ஒவ்வொரு கிராமும் ஏதோ ஒரு எடத்துலேர்ந்து வருது. அது எங்கேர்ந்து வருது, அது நமக்கு வேணுமா வேணாமான்னு தெரிஞ்சுட்டா பாதி முடிவு அங்கேயே ஆயிடும்.

.22 ரிம்ஃபயர் ரகம், புதுசா வர்றவங்களுக்கு அது என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். தோட்டாவோட பித்தளை கூட்டுக்கு அடியில சுத்தி ஒரு விளிம்பு இருக்கும், தீப்பிடிக்கிற மருந்து அந்த விளிம்புக்குள்ளயே இருக்கும், ரைபிளோட ஊசி நடுவுல குத்தாம விளிம்புல வந்து குத்தும். பெரிய ரைபிள் தோட்டால நடுவுல தனியா ஒரு பிரைமர் இருக்கும், அது சென்டர்ஃபயர். ரிம்ஃபயர்ல நம்மாளுங்க கைல படறது பெரும்பாலும் .22 லாங் ரைபிள் தான், 1887லேர்ந்து இருக்கற தோட்டா. வழக்கமான புல்லட் 40 கிரெயின், அதாவது வெறும் 2.6 கிராம். மேட்ச் தோட்டான்னா, அதாவது போட்டிக்குன்னு செய்யறதுன்னா, நொடிக்கு 325, 330 மீட்டர் வாக்குல போகும், சத்தத்தோட வேகத்தைத் தாண்டாம வேணும்னே அப்படி செய்யறாங்க. வேகமான ரகம் 380 வரைக்கும் போகும்.

இதுலேர்ந்து ஸ்கோப்புக்கு ரெண்டு விஷயம் கிடைக்குது. மொதலாவது, உதை இல்லைன்னே சொல்லலாம், அதனால பெரிய ரைபிளுக்கு செய்யற மாதிரி கனமா கெட்டியா ஸ்கோப் இருந்தே ஆகணும்ங்கற கட்டாயம் இதுல இல்ல. ரெண்டாவது தூரம். 50 மீட்டருக்கு ஜீரோ பண்ணி, அதாவது அந்த தூரத்துல குறி வெச்ச எடத்துலயே புல்லட் விழற மாதிரி செட் பண்ணி வெச்ச .22, 100 மீட்டர்ல கிட்டத்தட்ட ஒரு சாண் கீழ இறங்கிடும், 200 மீட்டர்ல ஒரு மீட்டருக்கு மேல இறங்கும். ஆக இதோட நிஜமான வேலை 25, 50 மீட்டர், மிஞ்சிப்போனா 100. எண்ணூர்ல இருக்கற கப்பலை திருவொற்றியூர்லேர்ந்து பாக்கற மாதிரி ஜூம் இதுக்கு எதுக்கு?

வாங்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. வீட்ல பையனோ பொண்ணோ 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கு ரெடியாகறாங்க, எழும்பூர் ரைபிள் கிளப் பக்கம் போய் விசாரிச்சுட்டு வந்திருக்கீங்கன்னா, தயவுசெஞ்சு ஸ்கோப் வாங்காதீங்க. ஒலிம்பிக் ரைபிள் போட்டி எதுலயும் டெலஸ்கோப் வெச்ச சைட்டுக்கு அனுமதி கிடையாது, பீப் சைட் தான், ஒரு சின்ன ஓட்டை வழியா பாத்து முன்னாடி இருக்கற வளையத்துக்குள்ள கறுப்பு வட்டத்தை நிறுத்தணும். 2012 லண்டன்ல 10 மீட்டர் ஏர் ரைபிள்ல வெண்கலம் வாங்கின ககன் நாரங், நம்ம சென்னைல பொறந்தவர், அவர் சுட்டதும் அப்படித்தான். 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூணு பொசிஷன்ல வெண்கலம் எடுத்தாரே, அது சாட்சாத் இந்த .22 ரிம்ஃபயர் தான், அங்கயும் ஸ்கோப் கிடையாது. அந்த வழியில போறவங்க மொதல் நாள்லேர்ந்து பீப் சைட்லயே பழகறது நல்லது. நான் இங்க சொல்றது சொந்த ஏர் ரைபிள்ல பேப்பர் டார்கெட் சுடறவங்களுக்கும், லைசென்ஸ் வாங்கி .22 வெச்சிருந்து ரேஞ்சுல ஸ்கோப் போட்டு குரூப், அதாவது ஓட்டைங்க எவ்ளோ நெருக்கமா விழுதுன்னு, பாக்கறவங்களுக்கும்.

லைசென்ஸ்னதும் இதையும் சொல்லிடணும். .22 ரைபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தொடவே கூடாது, சென்னை சிட்டிக்குள்ளன்னா போலீஸ் கமிஷனர் ஆபீஸ் தான் அதுக்கு. ஏர் ரைபிள்ல 2016 ஆயுத விதிகள் படி .177 போர், அதாவது குழலோட உள் அகலம் 4.5 மில்லிமீட்டர், அதுக்கு மேல போகாம, சக்தியும் 20 ஜூலைத் தாண்டாம இருந்தா லைசென்ஸ் வேணாம். லைசென்ஸ் வேணாம்ங்கறதுக்காக மொட்டை மாடில நின்னு காக்கா புறாவை குறி வெக்கறது, பழவேற்காடு பக்கம் எடுத்துட்டுப் போறது, இதெல்லாம் பண்ணாதீங்க. 1972லேர்ந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதை விடுங்க, அந்தப் பறவைங்க நம்மளை நம்பி தான் வருது. .22 புல்லட் தவறிப் போனா ஒரு கிலோமீட்டருக்கு மேல போகும், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மாதிரி வீட்டோட வீடு ஒட்டின ஏரியால அதுக்கு அர்த்தம் என்னன்னு நான் விளக்க வேண்டியதில்ல. ரேஞ்சுல மட்டும் தான்.

சரி, எடைக்கு வருவோம்.

சாதாரண .22 கார்பைன் ஒண்ணு எடுத்துக்கங்க, 1964லேர்ந்து வர்ற ரூகர் 10/22 உலகம் பூரா தெரிஞ்ச ரைபிள், வெறும் ரைபிள் 2.3 கிலோ வாக்குல தான் இருக்கும். அது மேல 4-16×50 ரகத்துல (நாலுலேர்ந்து பதினாறு மடங்கு வரைக்கும் மாத்திக்கறது, முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) ஒரு ஸ்கோப் வெச்சா அது மட்டும் 600லேர்ந்து 800 கிராம், கூட ஸ்கோப்பை ரைபிள்ல பிடிச்சு வெக்கற ஸ்டீல் ரிங் ரெண்டு. ரைபிள்ல மூணுல ஒரு பங்கு எடையைத் தூக்கி தலை மேல வெச்சாச்சு. அதே ரைபிள்ல 4×32 ஃபிக்ஸட் ஸ்கோப் வெச்சா 250லேர்ந்து 350 கிராம் தான் வரும். இங்க வெறும் தோள் வலி மட்டும் பிரச்சனை இல்ல. அந்த எடை உக்கார்ற எடம் பேரலுக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் மேல, அதனால நின்னு சுடும்போது ரைபிள் இடதோ வலதோ சாயப் பாக்கும், நம்ம கை அதை நிமித்திக்கிட்டே இருக்கும், மூணாவது நாலாவது ஷாட்லயே முன்கை நடுங்க ஆரம்பிக்கும். ரைபிள் சாஞ்சா புல்லட் சாஞ்ச பக்கமா, கொஞ்சம் கீழயும் போகும். 25 மீட்டர்ல தெரியாது, புல்லட் நெறைய இறங்கற தூரத்துல நல்லாவே தெரியும். பெஞ்சுல சாண்ட்பேக் மேல வெச்சு மட்டும் சுடறவங்களுக்கு எடை ஒரு பொருட்டே இல்ல, சொல்லப்போனா நல்லது கூட. நின்னு, முட்டி போட்டு, கையில தூக்கி சுடறவங்களுக்கும் சின்ன வயசுப் பிள்ளைங்களுக்கும் தான் இது உயிர் நாடி.

எடை வர்ற மொத எடம் முன் லென்ஸ், ஆப்ஜெக்டிவ்னு சொல்றது. 4×32ன்னு போட்டிருந்தா நாலு மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 32 மில்லிமீட்டர்னு அர்த்தம். பெரிய லென்ஸ்னா நெறைய வெளிச்சம் வரும்னு சொல்லுவாங்க, உண்மை தான், ஆனா அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குள்ள போகணும்ல? லென்ஸ் அகலத்தை எக்ஸால வகுத்தீங்கன்னா பின்னாடி வெளிய வர்ற ஒளி வட்டத்தோட அகலம் கிடைக்கும், எக்ஸிட் பியூப்பில்னு பேரு. 32ஐ 4ஆல வகுத்தா 8 மில்லிமீட்டர். பகல்ல நம்ம கண்ணோட பாப்பா 2லேர்ந்து 4 மில்லிமீட்டர் தான் தெறந்திருக்கும், நல்ல இருட்டுல கூட 7 வாக்குல நின்னுடும். அப்ப பகல் வெளிச்சத்துல சுடற நமக்கு 32 மில்லிமீட்டரே தாராளம். 6-24×50 ஸ்கோப்பை 24ல வெச்சா இந்த வட்டம் ரெண்டு மில்லிமீட்டர் சொச்சம் தான், கண்ணை ஒரு எடத்துல சரியா வெக்கலைன்னா படம் கறுப்பாயிடும், புதுசா சுடறவங்க தவிக்கறது இங்க தான். பெரிய லென்ஸ்ல இன்னொரு கஷ்டம், அது பேரல்ல இடிக்காம இருக்க உயரமான ரிங் போடணும், உயரமான ரிங் போட்டா கன்னம் ஸ்டாக்குல, அதாவது தோள்ல வெக்கற கட்டைல, ஒழுங்கா படியாது, தலையைத் தூக்கிப் பாக்க வேண்டி வரும், கன்னம் படியாதவனுக்கு எந்த ஸ்கோப் போட்டாலும் ஒண்ணு தான். அதனால 32, 33 மில்லிமீட்டர்ல நிறுத்துங்க, அதிகபட்சம் 40.

அடுத்தது ஜூம். ஃபிக்ஸட் 4 எக்ஸ்ல உள்ள நகர்ற சமாச்சாரம் கம்மி, கண்ணாடி கம்மி, அதனால எடையும் கம்மி, அதே காசுக்கு நல்ல கண்ணாடியும் கெடைக்கும். 2-7×32 ரகம் 350, 400 கிராம் வரும், நல்ல கம்பெனியோடது இன்னும் கொஞ்சம் கம்மியாவும் வரும், .22க்கு அளவெடுத்து தெச்ச மாதிரின்னா நான் இதைத் தான் சொல்லுவேன். 3-9×40 பெரும்பாலும் 400, 450ல நிக்கும், பரவால்ல ரகம். அதுக்கு மேல போனா எடை கிடுகிடுன்னு ஏறும். ஜூம் ஏத்தினா டார்கெட் மட்டும் பெருசாகாது, நம்ம நடுக்கமும் அதே அளவு பெருசாகும், பாக்கற பரப்பு சுருங்கும், சித்திரை வைகாசி வெயில்ல தரையிலேர்ந்து எழும்பற கானலும் பெருசாகும். மே மாசம் காலைல பத்தரைக்கு மேல 16 எக்ஸ்ல 50 மீட்டர் டார்கெட்டைப் பாருங்க, வட்டம் கொதிக்கற தண்ணில கெடக்கற மாதிரி ஆடும், 6ல இறக்கினா சாதுவா நிக்கும். 50 மீட்டர்ல .22 ஓட்டை தெரியணும்னு ஜூம் ஏத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஓட்டையைப் பாக்கறதுக்கு தனியா ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்போ பைனாக்குலரோ வெச்சுக்கங்க, அந்த எடை ரைபிள் மேல ஏறாது. ரைபிள் ஸ்கோப்பை பைனாக்குலரா மட்டும் யூஸ் பண்ணவே பண்ணாதீங்க, அது பாக்கற எடத்தை எல்லாம் பேரலும் பாக்கும், நீங்க பாக்கறது ஒரு மனுஷனா இருந்தா அவர் மேல துப்பாக்கி நீட்டறீங்கன்னு அர்த்தம்.

கண்ணாடி நல்லதா கெட்டதான்னு எப்படி கண்டுபிடிக்கறது? கோட்டிங். பூச்சு இல்லாத வெறும் கண்ணாடியோட ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போயிடும். ஜூம் ஸ்கோப்ல இந்த மாதிரி பரப்பு பன்னெண்டு பதினாலு சர்வசாதாரணமா இருக்கும், பதினாலுன்னு வெச்சு கணக்கு போட்டா பாதிக்குக் கொஞ்சம் மேல தான் மறுபக்கம் வரும். 1935ல ஜெர்மனில ஜைஸ் கம்பெனில இருந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா இதுக்கு ஒரு மெல்லிய பூச்சு கண்டுபிடிச்சார், அதுலேர்ந்து வளந்தது தான் இன்னிக்கு எல்லா லென்ஸ்லயும் பச்சையா ஊதாவா மினுக்கறது. நல்ல மல்டி கோட்டிங்ல ஒரு பரப்புக்கு அரை சதவீதம் தான் போகும், அதே பதினாலு பரப்புக்கு 93 சதவீதம் வெளிச்சம் வந்து சேரும். டப்பால ‘கோட்டட்’னு மட்டும் போட்டிருந்தா ஏதோ ஒண்ணு ரெண்டு பரப்புல பூசியிருக்காங்கன்னு எடுத்துக்கங்க, ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’னு இருக்கணும். 32 மில்லிமீட்டர்ல நல்ல பூச்சு இருந்தா, பூச்சு சரியில்லாத 50 மில்லிமீட்டர் ஸ்கோப்பை விட படம் தெளிவா இருக்கும், எடை பாதி.

இப்ப வர்றது தான் .22க்குன்னு தனியா ஸ்கோப் ஏன் இருக்குங்கறதுக்கு காரணம். பாரலாக்ஸ். இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

நம்ம வட சென்னைல மொட்டை மாடிக்குப் போய் வடக்க பாத்து நில்லுங்க, எண்ணூர் பக்கம் அனல் மின்நிலையம் புகைபோக்கி தெரியுதுல்ல, ஒரு கண்ணை மூடிட்டு கட்டை விரலை நீட்டி அந்தப் புகைபோக்கி மேல வெச்சு மறைங்க. இப்ப விரலை அசைக்காம தலையை மட்டும் லேசா இடது வலது ஆட்டுங்க. விரல் புகைபோக்கியை விட்டு நகரும். ஏன்னா விரல் கிட்ட இருக்கு, புகைபோக்கி தூரத்துல இருக்கு. அதே விரலை கைப்பிடி சுவத்துல இருக்கற ஒரு கறை மேல ஒட்டி வெச்சுட்டு தலையை ஆட்டுங்க, நகராது, ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு. ஸ்கோப்புக்குள்ள நடக்கறது இதே தான். டார்கெட்டோட பிம்பம் குழாய்க்குள்ள ஒரு எடத்துல விழும், கிராஸ்ஹேர், அதாவது குறி பாக்கற கூட்டல் கோடு, இன்னொரு எடத்துல இருக்கும். ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா கண்ணு எங்க இருந்தாலும் குறி மாறாது. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா கண்ணு நகர நகர கிராஸ்ஹேர் டார்கெட் மேல நீந்தும், நாம குறி சரியா இருக்குன்னு நெனச்சு டிரிக்கர் அமுக்குவோம், புல்லட் வேற எடத்துக்குப் போகும். பிம்பம் எங்க விழும்ங்கறது டார்கெட் எவ்ளோ தூரத்துல இருக்குங்கறதைப் பொறுத்தது, அதனால கம்பெனிக்காரங்க ஏதோ ஒரு தூரத்துக்கு இதை சரி பண்ணி மூடிடுவாங்க. பெரிய ரைபிள் ஸ்கோப்ல அது பெரும்பாலும் 100 யார்டு, அதாவது 91 மீட்டர். ரிம்ஃபயர்னு போட்டு விக்கற ஸ்கோப்ல பெரும்பாலும் 50 யார்டு, சுமார் 46 மீட்டர்.

இது எவ்ளோ தப்பு குடுக்கும்னு கணக்கு போடலாம், சின்னக் கணக்கு தான். முன் லென்ஸ் அகலத்துல பாதி எடுத்துக்கங்க, டார்கெட் தூரத்துக்கும் ஸ்கோப் செட் பண்ண தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்குங்க, செட் பண்ண தூரத்தால வகுங்க, கண்ணு ஒளி வட்டத்தோட ஓரத்துல இருந்தா வர்ற அதிகபட்ச தப்பு அது. 40 மில்லிமீட்டர் லென்ஸ், 91 மீட்டர் செட்டிங், டார்கெட் 50 மீட்டர்: 9 மில்லிமீட்டர் வருது. 50 மீட்டர் டார்கெட்ல பத்து பாயிண்ட் வட்டத்தோட மொத்த அகலமே 10.4 மில்லிமீட்டர் தான்! நடுவுல வெச்ச குறி பத்தை விட்டே வெளிய போயிடும். அதே எடத்துல 32 மில்லிமீட்டர் ரிம்ஃபயர் ஸ்கோப்ல போட்டுப் பாருங்க, ஒண்ணரை மில்லிமீட்டருக்கும் கம்மி. இதுல ஒரு அழகு என்னன்னா லென்ஸ் சின்னதாக ஆக இந்த தப்போட உச்சமும் சின்னதாகுது, லேசான ஸ்கோப் வாங்கறவங்களுக்கு இது ஓசில கெடைக்கற லாபம். 

தூரத்தை மாத்திக்கற வசதி வெச்ச ஸ்கோப்பும் இருக்கு, முன் லென்ஸ்ல வளையம் இருந்தா ஏஓ, பக்கவாட்டுல குமிழ் இருந்தா சைட் ஃபோகஸ். ரெண்டுக்கும் எடை உண்டு, சைட் ஃபோகஸ் பெரும்பாலும் 30 மில்லிமீட்டர் குழாயோட சேந்து வர்றதால மொத்தமா இன்னும் கனமாயிடும். 50 மீட்டர்லயே சுடற .22காரருக்கு இது வேணாம். ஆனா 10 மீட்டர், 15 மீட்டர்ல ஏர் ரைபிள் சுடறவங்க கண்டிப்பா ஏஓ வாங்குங்க, 10 யார்டு வரைக்கும் இறங்கற மாதிரி, அந்தக் கிராம் நியாயமான கிராம். 91 மீட்டர் செட்டிங் வெச்ச 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பை 10 மீட்டர்ல வெச்சா கணக்குப்படி 18 மில்லிமீட்டர் வரைக்கும் தப்பு வரும், படமும் மங்கலா இருக்கும், அப்பறம் துப்பாக்கியைக் குறை சொல்லிட்டு உக்காந்திருப்பாங்க. கடைலயே சோதிச்சுப் பாக்கலாம்: ஸ்கோப்பை அசையாம ஏதாவது ஒண்ணு மேல வெச்சுட்டு, நீங்க சுடற தூரத்துல ஒரு புள்ளியைப் பாத்து தலையை மட்டும் ஆட்டுங்க, கிராஸ்ஹேர் நீந்துதான்னு பாருங்க. 

பின்பக்கம் கண்ணு வெக்கற எடத்துல ஒரு வளையம் இருக்கும், அது இந்த வேலைக்கு இல்ல. அது நம்ம கண்ணு பவருக்கு கிராஸ்ஹேரை தெளிவாக்கறதுக்கு. வெள்ளை சுவத்தையோ சூரியன் இல்லாத பக்கம் ஆகாசத்தையோ பாத்து, ஒரு செகண்ட் பாத்து கண்ணை எடுத்து திரும்ப பாத்து, கிராஸ்ஹேர் பட்டுன்னு கறுப்பா தெரியற வரைக்கும் திருகி அதோட விட்டுடணும். உத்துப் பாத்துக்கிட்டே திருகினா கண்ணு தானா சரி பண்ணிக்கும், அளவு தப்பாயிடும்.

குழாய் விஷயம் சீக்கிரம் முடிச்சுடலாம். ஒரு இஞ்ச் குழாய், அதாவது 25.4 மில்லிமீட்டர், போதும். 30 மில்லிமீட்டர் குழாய்ல வெளிச்சம் ஜாஸ்தின்னு சொல்றாங்க, குழாய் அகலத்தால மட்டும் அப்படி ஆகாது, அதுல மேல கீழ திருப்பற இடம் தான் ஜாஸ்தி, 200 மீட்டர்ல .22 சுடறவங்களுக்கு அது தேவை, நமக்கு இல்ல. லைட் எரியற கிராஸ்ஹேரும் பகல்ல பேப்பர் சுடறவங்களுக்கு வேணாம், பேட்டரி, சுவிட்சு, அதுக்கு ஒரு கூடுன்னு எடை தான் மிச்சம். கறுப்பு வட்டத்துல கறுப்பு கோடு தெரியலைங்கறது நிஜமான கஷ்டம், அதுக்கு வெள்ளை பேப்பர்ல மெல்லிசா கட்டம் போட்ட டார்கெட் வாங்கி ஒட்டுங்க, பிரச்சனை முடிஞ்சுது. கோடு டியூப்ளெக்ஸ் ரகம், ஓரம் தடியா நடுவுல மெல்லிசா இருக்கறது, ஆரம்பத்துக்கு அதை விட நல்லது இல்ல.

மாட்டற எடத்தைப் பாக்காம ஸ்கோப் ஆர்டர் போடாதீங்க. .22லயும் ஏர் ரைபிள்லயும் மேல நீளமா ரெண்டு பள்ளம் வெட்டின டவ்டெயில் இருக்கும், பெரும்பாலும் 11 மில்லிமீட்டர். குறுக்க குறுக்க பல்லு மாதிரி வெட்டியிருந்தா அது பிகாட்டினி இல்ல வீவர். வீவர் ரிங் பிகாட்டினில உக்காரும், பிகாட்டினி ரிங்கோட குறுக்குக் கம்பி தடிமனா இருக்கறதால வீவர் பள்ளத்துல போகாது. 11 மில்லிமீட்டர் டவ்டெயிலுக்கு இது ரெண்டும் ஆகாது. ரிங் அலுமினியத்துல வாங்குங்க, அதே அளவு ஸ்டீல்ல மூணுல ஒரு பங்கு எடை தான் வரும். ஸ்கோப்ல நூறு கிராம் குறைக்க காசு குடுத்துட்டு ரிங்ல அதைத் திருப்பி ஏத்தறது நியாயமா? உயரம், லென்ஸ் பேரல்ல படாத அளவுக்கு எவ்ளோ தாழ்வா போகுமோ அவ்ளோ தாழ்வு. ஸ்க்ரூவை குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் சமமா இடைவெளி விழணும், பலம் காட்டினா குழாய் நசுங்கும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிள் வெச்சிருக்கறவங்க இதை முக்கியமா கவனிங்க. பாக்க சாதுவா இருக்கும், ஆனா ஸ்கோப்பை ஒடைக்கறதுல பெரிய ரைபிளுக்கு சளைச்சது இல்ல. உள்ள பிஸ்டன் முன்னாடி பாயும்போது ரைபிள் பின்னாடி தள்ளும், பிஸ்டன் போய் முட்டி நின்னதும் ரைபிள் முன்னாடி தள்ளும், ஒரே ஷாட்ல ரெண்டு பக்கமும் உதை. சாதாரண ஸ்கோப்ல உள்ள இருக்கற லென்ஸ் பிடிமானம் பின்னாடி தள்ளற உதைக்கு மட்டும் தான் தயாரா இருக்கும். அதனால ஏர்கன் ரேட்டட்னு தெளிவா போட்டிருக்கணும். இங்கயும் எடை தான் கணக்கு, கனமான ஸ்கோப் ஒவ்வொரு உதைக்கும் ரிங்கை அதிக பலத்தோட இழுக்கும், கொஞ்சம் கொஞ்சமா டவ்டெயில்ல வழுக்கிட்டே வரும், ஜீரோ நிக்கவே நிக்காது. லேசான ஸ்கோப், ஒரு பீஸ் மவுண்ட், பின்னாடி நகராம தடுக்கற ஸ்டாப் பின், மூணும் சேந்தா அந்தத் தலைவலி போயிடும்.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, உப்புக்காத்து. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், கடல் பாத்த வீட்ல இரும்பு ஜன்னல் கம்பி என்ன கதி ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஸ்கோப் திருகுக்கும் அதே கதி தான். உள்ள காத்தை எடுத்துட்டு நைட்ரஜனோ ஆர்கானோ அடைச்சு சீல் பண்ண ஸ்கோப் மட்டும் வாங்குங்க, இல்லைன்னா ஈரம் உள்ள போயி லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், அது கண்ணாடியோட பூச்சையே தின்னுடும். ஏசி ரூம்லேர்ந்து வெளிய எடுத்தா லென்ஸ் வெளிப்பக்கம் பனி படியும், அது சகஜம், கொஞ்ச நேரத்துல போயிடும். உள்பக்கம் படிஞ்சா சீல் போச்சுன்னு அர்த்தம், கம்பெனிக்கு அனுப்புங்க, நீங்க கழட்டாதீங்க. வெச்சு மூடற பொட்டில சிலிக்கா ஜெல் போடுங்க, பையோட வந்த ஃபோம் கவர்லயே மாசக்கணக்குல விட்டா அந்த ஃபோம் ஈரத்தை உறிஞ்சு வெச்சுக்கும். லென்ஸை பனியன் முனையால தொடைக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, வேணாம், காத்துல வந்த உப்பும் மணலும் கண்ணாடில ஒட்டியிருக்கும், மொதல்ல புளோயரால ஊதி விடணும், அப்பறம் லென்ஸ் துணி.

கடைல வாங்கறப்ப டப்பால போட்ட எடையை நம்பாம ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசுல ஸ்கோப், ரிங், மூடி எல்லாம் சேத்து வெச்சுப் பாருங்க. .22க்கு எல்லாம் சேந்து 450 கிராமுக்குள்ள வந்தா நல்ல தேர்வு, ஏஓ வெச்ச ஏர் ரைபிள் ஸ்கோப்னா 550 வரைக்கும் நான் ஒத்துக்குவேன், அதுக்கு மேல போனா அந்தக் கூடுதல் கிராம் எதுக்குன்னு விக்கறவர்கிட்டயே கேளுங்க.

மாட்டின அப்பறம் ஜீரோ பண்றப்ப 25 மீட்டர்ல ஆரம்பிச்சு 50க்குப் போங்க. டரெட்ல, அதாவது குறியை மேல கீழ, இடது வலது நகத்தற குமிழ்ல, ஒரு கிளிக் கால் எம்ஓஏன்னு (எம்ஓஏங்கறது ஒரு சின்ன கோண அளவு) போட்டிருக்கும், அது 100 யார்டுல சுமார் கால் இஞ்ச் நகரும்னு அர்த்தம். நாம சுடற 50 மீட்டர்ல அதே கிளிக் 3.6 மில்லிமீட்டர் தான், 25ல 1.8. ஆக 25 மீட்டர்ல புல்லட் ரெண்டு சென்டிமீட்டர் கீழ விழுந்தா மேல பதினோரு கிளிக் போடணும், டப்பால போட்ட 100 யார்டு கணக்கை வெச்சு மூணு கிளிக் போட்டுட்டு ஸ்கோப் வேலை செய்யலைன்னு நெனக்காதீங்க. நடுவுல வந்தப்பறம் இருவது கிளிக் மேல, இருவது வலது, இருவது கீழ, இருவது இடது போட்டு ஒவ்வொரு மூலைலயும் மூணு மூணு சுட்டுப் பாருங்க, கடைசி மூணும் திரும்ப ஆரம்பிச்ச எடத்துக்கே வந்தா உள்ள இருக்கற மெக்கானிசம் நேர்மையானது. வரலைன்னா பில்லு இருக்கறப்பவே மாத்திடுங்க. எந்த பிராண்டு தோட்டால ஜீரோ பண்ணீங்கன்னு ஸ்டாக்குக்குள்ள ஒரு சின்ன பேப்பர்ல எழுதி ஒட்டி வைங்க, .22ல பிராண்டு மாத்தினாலே விழற எடம் மாறும், தோட்டா மாத்தின அன்னிக்கு ஸ்கோப்பைத் தொடறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைப் பாருங்க.